வடக்கு எல்லைக் கல்லை நட்டவன்

கிணறு மூன்று வெட்டினேன். மூன்றிலும் பாறை, மூன்றிலும் தண்ணீர். செங்கல் சூளை போட்டேன். கேழ்வரகு அரைக்கிற மிஷினை எங்கள் ஊருக்கு முதன்முதலில் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். லேத்துப் பட்டறை வைத்து, ஓசூரில் கம்பெனிகள் வந்த காலத்தில் அந்தக் கம்பெனிகளுக்கே போல்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்தேன். மாரியம்மன் கோயிலின் இரும்புக் கதவு என் பட்டறையில் அடித்தது. மூன்றாவது வகுப்பைத் தாண்டாதவன் நான். கைதூக்கி விட ஆள் கிடையாது. "இவன் எங்க உருப்படப் போறான்" என்று சொல்வதற்கு மட்டும் ஊர் முழுக்க ஆள் இருந்தது.

இத்தனையும் ஊர் எல்லைக்குள்தான் கட்டினேன். எல்லைக்கு வெளியே என் செங்கல் ஒன்று கூடக் கிடையாது. ஆசைப்பட்டு அப்படிச் செய்யவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு நாள் அந்த எல்லையை முழுக்கச் சுற்றி நடந்தேன், வெளியே போக வழி தேடி. அதைச் சொல்லத்தான் கோயில் கமிட்டிக்காரர்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு மீசை சரியாக வந்திருக்கவில்லை. பெங்களூரில் ஒரு பட்டறையில் இரும்புத்தூள் கூட்டுகிற வேலை. ஒரு சனிக்கிழமை மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "திங்கட்கிழம காலைல வந்து லேத்துல நில்லு. வரலேன்னா வேற ஆளு நிப்பான்" என்றார். லேத்தில் நிற்பது என்றால் அந்தக் காலத்தில் ராஜா மாதிரி. அம்மாவிடம் சொல்லிவிட்டு ஞாயிறே திரும்பிவிடலாம் என்று ஊருக்கு ஓடிவந்தேன். வந்த களைப்பில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன்.

விழித்துப் பார்த்தால் வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல், நூலில் ஒரு மஞ்சள் துண்டு.

"இன்னாம்மா இது?"

"சாயங்காலம் ஊருக்குக் காப்பு கட்டனாங்க. நீ தூங்கிகினு இருந்த. நாந்தான் பூசாரியக் கூப்ட்டு கட்டச் சொன்னேன். வந்தது வந்த, ஆத்தாளுக்கு இருந்துட்டுப் போ."

எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து நூலை அவிழ்க்கும்வரை யாரும் எல்லை தாண்டக் கூடாது. எங்கள் ஊர், தெற்கே தெலுங்கு பேசுகிறவர்களின் சிற்றூர், மேற்கே கன்னடம் பேசுகிறவர்களின் சிற்றூர், மூன்றுக்கும் ஒரே அம்மன், ஒரே எல்லை. காப்பு அன்று பெரியவர்கள் எல்லையைச் சுற்றிப் போய்க் கல்லுக்குக் கல் மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிவிட்டு வருவார்கள். அந்த வருடம் கட்டு இன்னும் கடுமை. பெங்களூர் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அம்மை போட்டிருந்தது. முன்பு ஒரு தடவை இப்படி எல்லை தாண்டிய ஒரு வீட்டுக்கு, அடுப்புப் பற்றவைக்க நெருப்புகூடக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்தார்கள். அவர்கள் ஊரை விட்டே போனார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் ஞாயிறு காலை துணி மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். கேட்டவர்களிடம் கன்றுக்குட்டியைக் காணோம், தேடுகிறேன் என்றேன்.

முதலில் கிழக்கே ஏரிக்கரை. கரை முடிகிற இடத்தில் மஞ்சள் பூசிய கல். அதன்மேலேயே உட்காராத குறையாக, மதகு திறக்கிறவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாப்ள, மூட்டையில இன்னா?"

"கன்னுக்குட்டி தேடறேன் மாமா."

"மூட்டையிலயா?" என்று சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் நான் தெற்கே திரும்பிவிட்டேன்.

தெற்கே கேழ்வரகுக் கொல்லை. களை எடுக்கிற பெண்கள் வரப்பு முழுக்க. அவர்களில் மூத்த ஒருத்தி நிமிர்ந்து, "ஏம் அல்லுடு, எந்துகு ஈட திருகுதாவு?" என்றாள். ஏன் மருமகனே, எதுக்கு இங்க சுத்திக்கிட்டிருக்கே என்கிறாள். அந்த ஊர்ப் பெண்களுக்கு வாலிபப் பையன்கள் எல்லாரும் மருமகன்தான். கன்றுக்குட்டி என்றேன். "ஐயோ பாவம்" என்று தமிழில் சொல்லி, பக்கத்துக் கொல்லைக்குக் குரல் கொடுத்தாள். அந்தக் கொல்லை அடுத்த கொல்லைக்குக் கொடுத்தது.

அதுதான் என் கழுத்தைப் பிடித்தது. நான் மேற்கே போய்ச் சேருவதற்குள் என் பொய் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு எதிரே வந்தார்.

"பாரப்பா தம்மா. வாலு வெள்ளையாமே உன் கரு?" வாப்பா தம்பி என்கிறார்; கரு என்றால் அவர்கள் பேச்சில் கன்று.

வாலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவர் மகன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என்னோடு நடக்க ஆரம்பித்தார். மேற்கு எல்லை முழுக்க, புதருக்குப் புதர், இல்லாத கன்றை நாலு பேராகத் தேடினோம். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதை வெளிச்சமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதும், அவர் என்னைப் பார்ப்பதுமாக இருந்தோம். வயல்வெளிதான், மேலே திறந்த வானம்தான், ஆனால் எனக்கு மூச்சு முட்டியது. ஒரு வழியாக அவருடைய ஆடுகள் யாருடைய கொல்லையிலோ புகுந்ததால் என்னை விட்டுவிட்டு ஓடினார்கள்.

மீதி இருந்தது வடக்கு. அங்கே அப்பா விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுத மேட்டு நிலம். நிலத்தைத் தாண்டினால் உண்ணிச்செடிப் புதர், புதரைத் தாண்டினால் பெங்களூர் ரோடு.

நிலத்தின் இந்தப் பக்கத்து ஓரத்தில் வந்து நின்றேன். எதிரே மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய கல். நிலம் அளக்க வந்தவர்கள் அந்த வருடம் புதிதாக நட்டுவிட்டுப் போன சர்வே கல் அது. அம்மன் எல்லைக் கல் புதரோரம், ரோட்டுப் பக்கம் இருந்தது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருட்டுகிற நேரத்தில் வந்த பெரியவர்கள், பளிச்சென்று நின்ற கல்லைப் பார்த்ததும் இதுதான் என்று பூசிவிட்டுப் போய்விட்டார்கள்.

முதலில் எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. இந்தக் கல்லைத் தாண்டினால் ரோடு வரைக்கும் வெளியிடம், மறிக்க ஆள் இல்லை! அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தேன். அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். உழவில் கண்ணாக இருக்கிறவர், கல்லைப் பார்க்கவில்லை. காப்புக் கட்டிய கையோடு எல்லைக்கு வெளியே நின்றிருந்தார்.

நான் இந்த வழியாகப் போனால் நாளைக்கு ஊர் என் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு இங்கே வரும். கல்லைப் பார்க்கும். கல்லுக்கு வெளியே உழுத நிலத்தைப் பார்க்கும். நாளைக்கே ஊரில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் பழி எந்த வீட்டின் மேல்?

அப்பா ஏரைத் திருப்பும்போது என்னைப் பார்த்தார். "இங்க இன்னாடா?"

"கன்னுக்குட்டி தேடறேன்பா."

"எந்தக் கன்னுக்குட்டி? காலைல நாந்தானடா கட்டிட்டு வந்தேன்."

மூட்டையைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து நுகத்தடியை அவிழ்த்தார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன். நான் வர வரிக்கும் இங்க யாரும் வரமாட்டாங்க. எனக்கும் இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல."

மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

மூட்டையைக் கீழே வைத்தேன். அவர் வைத்துவிட்டுப் போன செம்புத் தண்ணீரையும் மண்ணையும் போட்டுச் சர்வே கல்லைத் தேய்த்துக் கழுவினேன். வேப்பிலையை அவிழ்த்துக்கொண்டு புதருக்குள் புகுந்தேன். பழைய எல்லைக் கல் சாய்ந்து கிடந்தது. ரோட்டுப் பக்கம் போய் நின்று தூக்கினால் சுலபமாக நிமிர்ந்திருக்கும். நான் உள்பக்கமே நின்று தோளைக் கொடுத்துத் தூக்கினேன். நிறுத்தி, சுற்றிலும் கல் போட்டு இறுக்கி, தண்ணீர் தெளித்து, கையில் கட்டிய மஞ்சளை அவிழ்க்காமல் அப்படியே கல்லில் தேய்த்தேன். மணிக்கட்டுத் தோல் வழன்றது. கல் மஞ்சளானது. வேப்பிலையைக் கட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. நான் ஏறத்தான் நிற்கிறேன் என்று நினைத்து டிரைவர் வேகம் குறைத்தான். கண்டக்டர் தலையை நீட்டி, "பெங்களூரா?" என்றான்.

ஏறினால், தடம் பிடித்து வருகிற ஊர் நான் புதிதாகக் கிளறிய மண்ணையும் அப்பா உழுத நிலத்தையும் சேர்த்துப் பார்க்கும். இல்லை என்று தலையாட்டினேன். என் கதவை நானே சாத்தினேன்.

அப்பா திரும்பி வந்தபோது நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் நீ போவலியா?"

"கன்னுக்குட்டி கெடைச்சிடுச்சுப்பா."

அவர் மாட்டைப் பூட்டினார். பையன் தைரியம் இல்லாமல் நின்றுவிட்டான் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. கண்மூடும்வரை அப்படித்தான் நினைத்திருந்தார். நானும் சொல்லவில்லை. சொன்னால், தான் வெளியே உழுததை ஊர் முன்னால் போய் ஒப்புக்கொள்கிற மனிதர் அவர்.

திருவிழா முடிந்து பெங்களூர் போனேன். லேத்தில் வேறு ஒருவன் நின்றான். திரும்பி வந்தேன். அப்புறம் நான் கட்டியதெல்லாம் முதலில் சொன்னேன். எத்தனை கட்டினாலும் அந்த வளையத்துக்குள்தான் கட்டினேன். இப்போதும் காலையில் அதே தடத்தில்தான் நடக்கிறேன், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறேன்.

அந்தத் தடம் இப்போது தார் போட்ட சுற்றுச் சாலை. வடக்கே மட்டும் அது ஒரு கல்லுக்காக வளைந்து போகிறது. ரோடு போட வந்த என்ஜினீயர் கேட்டதற்கு, ஆதி காலத்திலிருந்து அம்மன் நிற்கிற கல் என்று பூசாரி சொன்னாராம். மாலை போடுகிறார்கள். சாலையைத் திறந்துவைத்தவர்கள் பெயரெல்லாம் பளிங்கில் இருக்கிறது. கோயில் விழா மலரிலும், அந்த வருடம் ஊருக்குள் அம்மை வராமல் காத்தது அம்மனும் ஊர்ப் பெரியவர்களும் என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

அம்மன் பங்கு அம்மனுக்கே இருக்கட்டும். பெரியவர்கள் பங்கைத்தான் கேட்கிறேன். அவர்கள் பூசியது சர்வே கல்லுக்கு. இப்போது பழி சுமக்க அப்பாவும் இல்லை, பழி சொல்ல அந்தப் பெரியவர்களும் இல்லை. கோயில் கதவுக்கு என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள், சரி, அது நான் அடித்த கதவுதான். ஆனால் அந்தக் கல்லின் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். வடக்கு எல்லைக் கல்லை நிமிர்த்தி நட்டவன் நான் என்று எழுதுங்கள். உள்பக்கம் நின்று தூக்கினான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.