அனுச நட்சத்திரத்து மமாது

எல்லாவற்றையும் மெஷினில் போட்டுத் தோய்க்கும் இந்த நாட்டில், தோய்க்கவே கூடாத பொருளொன்று இருக்குமென்று நான் கண்டேனா? பாரிஸ் புறநகர்க் கூடைப்பந்துக் கழகமொன்றில் வீரர்களின் உடுப்புத் தோய்ப்பது என் வேலை. தலையணை உறையை விடப் பெரிய சட்டைகள், என் முழங்கை வரை வரும் காலுறைகள். அணித்தலைவன் மமாதுவின் மணிக்கட்டுப் பட்டி மட்டும் உடைமாற்றும் அறையில் ஓர் ஆணியில் தொங்கும். அந்தப் பருவத்தில் அணி வெல்லத் தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் அதைத் தோய்க்கவில்லை. நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம்.

யாழ்ப்பாணத்தில் நானும் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் ஆடியவள். இறுதிப் போட்டியென்றால் முதல் நாளே சட்டையைத் தோய்த்துக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் உடுத்திக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் மைதானத்தில் இறங்குவோம். இங்கே சாம்பியன் கிண்ணத்துக்கு மூன்று ஆட்டங்கள். முதலாவதை எங்கள் பிள்ளைகள் வென்றதும் அந்தப் பழைய பரபரப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. நல்லது செய்வதாக நினைத்து, பட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கையாலேயே கசக்கி, பளிச்சென்று அதே ஆணியில் மாட்டினேன். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார்கள்.

உடுப்பறைப் பொறுப்பாளர் பத்ரிக் வந்து கத்தினார். "சால், மிசியூ, சால்" என்றேன். அழுக்காயிருந்தது என்று சொல்ல அவ்வளவுதான் தெரியும். "அது அழுக்கில்லை, அதிர்ஷ்டம்!" என்றார். என் தற்காலிக ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதை மூன்றாவது ஆட்டம் முடிந்த பிறகு பார்க்கலாமாம். போர் முடிந்த ஆண்டில் நான் மட்டும் இங்கே வந்து சேர்ந்தேன். நிரந்தர வேலை கிடைத்தால்தான் வவுனியாவில் இருக்கும் என் கணவர் யோகனைக் கூப்பிடலாம்.

தொலைபேசியில் யோகன் சிரித்தார். "விசரி, ஒருத்தரும் தொடாததை நீ ஏனப்பா தோய்ச்சனி?"

"சிரிக்காதேங்கோ. அவங்கள் தோத்தால் நீங்கள் அங்கை, நான் இஞ்சைதான்."

அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தன்று காலை லா சப்பல் ரயில் நிலையத்தில் இறங்கி, ரூ பஜோல் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன்.

"பெயர்?" என்றார் ஐயர்.

"மமாது."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

அந்தப் பிள்ளையின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவேன்? வாயில் வந்தது யோகனுடையதுதான். "அனுசம் ஐயா. விருச்சிக ராசி."

வென்றார்கள்! தோய்த்த பட்டியோடு கடைசிப் பந்தைப் போட்டவன் மமாது. பத்ரிக் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஒப்பந்தம் நிரந்தரமானது. அதோடு ஒரு புதுச் சட்டமும் வந்தது: இனி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர் பட்டியை நான்தான் கையால் தோய்க்க வேண்டும். அவர்களைச் சொல்லி என்ன? ஆட்டத்துக்கு ஆட்டம் அதே அர்ச்சனையைச் செய்யாவிட்டால் எனக்கும் மனம் கேட்பதில்லை.

இரண்டு வருடம் கழித்து யோகன் வந்தார். கார் து நோர் நிலையத்தில் ரயிலால் இறக்கி, நேரே கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அன்று பின்னேரம் ஆட்டமும் இருந்ததால் இரண்டு சீட்டு எடுத்திருந்தேன். ஐயர் யோகனிடம் நட்சத்திரம் கேட்டார்.

"அனுசம். விருச்சிக ராசி."

"அட, எங்கடை மமாதுவின்ரை நட்சத்திரம்!"

யோகன் என் பக்கம் குனிந்தார். "ஆரப்பா மமாது?"

"பிறகு சொல்லுறன், கும்பிடுங்கோ."

ஐயர் வழக்கம்போல மமாதுவில் தொடங்கினார். யோகன் கைகூப்பியபடி, தன் பெயர் வரும்வரை காத்து நின்றார்.