அவுட் ஆகும் உரிமை

என் மகள் படிக்கிற தொடக்கப் பள்ளியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை எழுத முடியாது, உச்சரிக்கவும் முடியாது. இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கொண்டுபோய், நழுவுகிற பேன்ட்டைப் பிடித்துத் தொப்பைக்கு மேல் ஒரு இழு இழுத்துவிட்டால் அது நான்.

பெயர் வைத்தவள் மகளின் தோழி. இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. தோழிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, கைகளால்தான் பேச்சு. பள்ளியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவள் ஒரு சைகைப் பெயர் வைத்திருந்தாள். தலைமையாசிரியை என்றால், மூக்கில் வழுக்கும் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. சத்துணவு போடும் அக்கா என்றால், குழம்புக் கரண்டியைத் தட்டுக்கு மேலே பாதியில் நிறுத்தி யோசிப்பது. எனக்கும் அப்படி ஒரு பெயர் வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக எழுதுகிறவன், விரலிடுக்கில் பேனா பிடிக்கிற மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"பேனா எல்லாருந்தான் பிடிக்கிறாங்க. பேன்ட்டை இப்படி நீ மட்டுந்தானப்பா இழுக்குற" என்றாள் மகள்.

பள்ளி, காளவாசலைத் தாண்டி மேற்கே, பாதி வயலும் பாதி பிளாட்டுமாகக் கிடக்கிற இடத்தில் இருக்கிறது. அரசுப் பள்ளி. கே.கே. நகரில் இருக்கும் என் மைத்துனர் ஒவ்வொரு விசேஷத்திலும், "என்ன மாப்ள, புள்ளைய இன்னும் அங்கதான் விட்டிருக்கீகளா?" என்று துக்கம் விசாரிப்பார். கொள்கை என்று சொல்வேன். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதும், காளவாசல் சிக்னலில் வண்டி ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது என்பதும் கொள்கையின் உட்பிரிவுகள்.

இந்தக் கொள்கைப் பிடிப்பைப் பார்த்து என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக்கிவிட்டார்கள். மாதம் ஒரு கூட்டம். மிக்சர் தருவார்கள். விளையாட்டு விழா பற்றிய கூட்டத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு பெண் பிள்ளைகளுக்குக் கபடிப் போட்டி என்று முடிவானது. தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "காது கேக்காத அந்தப் புள்ளைய சிறப்பு விருந்தினருக்குப் பூங்கொத்து குடுக்க விட்டுருவோம். போட்டோவும் நல்லா இருக்கும்" என்றார்.

மிக்சர் வாயில் இருந்ததால் எல்லோரும் தலையாட்டினோம்.

அப்போது கதவைத் தட்டாமல் இரண்டு அமைச்சர்கள் உள்ளே வந்தார்கள். பள்ளியில் குழந்தைகள் பாராளுமன்றம் என்று ஒன்று உண்டு. என் மகள் உணவுத் துறை. தோழி விளையாட்டுத் துறை. தோழியின் கைகள் பறந்தன. மகள் பேசினாள்.

"அவளுக்குப் பூ வேணாமாம் டீச்சர். கபடிக்கு வாராளாம். விளையாட்டு அமைச்சரே விளையாடக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு டீச்சர் அமைச்சருன்னு கேக்குறா."

தோழியின் அம்மாவும் கூட்டத்தில் இருந்தார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிறவர். கிளம்பிவிட்ட பஸ்ஸின் கடைசி ஜன்னல் வரைக்கும் கேட்கிற குரல். அன்றைக்கு அந்தக் குரல் பக்கத்து நாற்காலி வரைக்கும்தான் வந்தது.

"வேணாம் டீச்சர். விழுந்து கையக் கால ஒடிச்சுக்கிட்டா வலிக்குதுன்னுகூட கத்தத் தெரியாது எம்புள்ளைக்கு."

தோழி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் முட்டியைத் தட்டினாள். மகளின் முட்டியைத் தட்டினாள். வெளியே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காட்டினாள்.

"எல்லாரும் விழுறாங்க, நான் மட்டும் ஏன் விழக் கூடாதுன்னு கேக்குறா" என்றாள் மகள்.

எனக்கு இன்னும் கொஞ்சம் மிக்சர் இருந்தது, அதைச் சாப்பிட்டேன்.

தலைமையாசிரியை ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு மீளப் பார்த்தார். கபடியில் எதிர்க்கோட்டுக்குள் போகிற ஆள் மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போக வேண்டும். பாட்டு நின்றால் மூச்சு விட்டதாகக் கணக்கு, ஆள் அவுட். "பேச முடியாத புள்ள எப்படிம்மா பாடிப் போகும்?"

அமைச்சர்களிடம் மசோதா தயாராக இருந்தது. தோழி வாயை இறுக மூடிக்கொண்டு இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டே போவாள். தட்டு நின்றால் அவுட். வாய் திறந்தால் அவுட்.

"மூக்கு வழியா மூச்சு விட்டா?" என்று கேட்டேன். நானும் குழுவில் இருக்கிறேன் என்று காட்ட வேண்டுமே.

"பாடுறவளுக மட்டும் நடுவுல திருட்டு மூச்சு விடாமயாப்பா பாடுறாளுக? மூக்குக்கு மனசாட்சிதான்" என்றாள் உணவுத் துறை அமைச்சர்.

மசோதா நிறைவேறியது. அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே, "சரி, ஒரே ஒரு ஆட்டம்" என்றார். அடுத்து நடுவர் யார் என்ற பேச்சு வந்தபோது தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "சார்தான் நாட்டுல நடக்குற எல்லாத்துக்கும் பத்திரிகைல தீர்ப்பு எழுதுறாரே. நம்ம கபடிக்கும் சொல்லட்டும்."

என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம். விசிலும் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மாலையிலிருந்து பயிற்சி. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோழியிடம் எந்தக் கருணையும் கிடையாது. காலை வாரினார்கள், மேலே ஏறி உட்கார்ந்தார்கள். அவளும் வஞ்சனையில்லாமல் எல்லோரையும் மண்ணில் புரட்டினாள். ஒருத்தி சடையைப் பிடித்து இழுத்ததற்கு நான் விசில் ஊதினேன். எல்லோரும் நின்றார்கள். தோழி மட்டும் நிற்கவில்லை. மறுபடி ஊதினேன். கன்னம் வலிக்கிற வரைக்கும் ஊதினேன். அவள் நின்றுகொண்டிருந்த அத்தனை பேரையும் வரிசையாகத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"யாருக்கப்பா ஊதுற?" என்று கேட்டாள் மகள்.

மைதானத்தில் நான் நிறுத்த வேண்டிய ஒரே ஆளுக்கு என் விசில் கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளிலிருந்து விசிலுக்குப் பதில் ஒரு சிவப்புத் துண்டு. உயர்த்தினால் ஆட்டம் நிற்க வேண்டும், இறக்கினால் அவுட். துண்டை ஒரு கையிலும் பேன்ட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நான் கோட்டோரம் ஓடிய காட்சியை, அந்த வழியாகப் போன பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

விழா நாள் வந்தது. பந்தல், காகிதத் தோரணம், காதைக் கிழிக்கும் மைக் செட். ஊரெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு நின்றபோது தோழி மட்டும் நிம்மதியாக இருந்தாள். சிறப்பு விருந்தினராக ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவருக்குப் பூங்கொத்தை ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் கொடுத்தான். போட்டோ நன்றாகத்தான் வந்தது. தோழியின் அம்மா கொய்யாக் கூடையோடு நேராக ஆரப்பாளையத்திலிருந்து வந்து, கூட்டத்தின் பின்னால் நின்றார்.

பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் சோளத்தட்டை மாதிரி உயரம். ஆட்டம் சமமாகவே போனது. மைக் பிடித்த எங்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு அணிகளையும் மாற்றி மாற்றி வாழ்த்தினார். தோழி பிடிக்கிற பக்கம் நின்று நன்றாகவே ஆடினாள். எதிர்க்கோட்டுக்குள் அனுப்ப மட்டும் அவளைத் துருப்புச் சீட்டாகக் கடைசிக்கு வைத்திருந்தாள் எங்கள் கேப்டன். அதாவது என் மகள். கடைசி முறை வந்தபோது நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம்.

தோழி வாயை மூடிக்கொண்டு, தொடையைத் தட்டியபடி கோட்டைத் தாண்டினாள். தப், தப், தப்.

எதிரணி விலகியது. தேருக்கு வழி விடுகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். அவள் நின்றாள், அவர்களும் நின்றார்கள். ஒருத்தி, தொட்டுக்கொள் என்று கையையே நீட்டிக் கொடுத்தாள். இன்னொருத்தி குனிந்து தோளைக் காட்டினாள். தோழி இருவரையும் மெல்லத் தொட்டுவிட்டு, சந்தேகத்தோடு நடந்து திரும்பினாள்.

இரண்டு புள்ளி. ஜெயித்துவிட்டோம். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை எடுத்தார். மைக்கில் 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்று என்னென்னவோ வந்தது. எங்கள் பிள்ளைகள் குதித்த குதியில் கோட்டுச் சுண்ணாம்பு பறந்தது. எனக்கும் கண் கலங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நான் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குதிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தோழி மட்டும் குதிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. கைகள் படபடவென்று எதையோ கொட்டின.

"என்ன சொல்றா?" என்று மகளைக் கேட்டேன்.

மகள் என்னையும் அவளையும் பார்த்தாள். "நல்லா ஆடினோம்னு சொல்றா."

என் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் மொழிபெயர்ப்பின் தரம் தோழிக்குப் புரிந்துவிட்டது. மகளின் புஜத்தில் அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஆ! சரிடி, சொல்றேன்! போங்காட்டம்னு சொல்றாப்பா. அவங்க வேணும்னே பிடிக்கலயாம். இந்தப் பாயின்ட் வேணாமாம். மறுபடி போகணுமாம்." பிறகு அவளிடமே திரும்பி, தலையில் அடித்துக்கொண்டு சைகையோடு கத்தினாள். "லூசு! சும்மா வர்ற பாயின்ட்ட வாங்கிக்கடி! கப்புடி, கப்பு!"

தோழி மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். தன் முட்டியைக் காட்டினாள். அதில் ஒரு துளி மண்கூட இல்லை.

வேண்டாம் என்று சொல்லப்பட்ட புள்ளியை என்ன செய்வது என்பதற்கு எந்த விதியும் எனக்குத் தெரியாது. துண்டை உயர்த்தினேன். இரண்டு புள்ளியையும் அழித்துவிட்டு எதிரணிக் கேப்டனிடம் போனேன். "ஏம்மா பிடிக்கல?"

"எங்க சார், பாவம், அந்தப் புள்ளைய யாரும் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லிவிட்டாரு சார்."

இதற்கு நான் ஒரு நல்ல பிரசங்கம் செய்திருப்பேன். மனிதாபிமானம், சமத்துவம் என்று வார்த்தைகள் தொண்டை வரை வந்துவிட்டன. அதற்குள் தோழி என்னை ஒதுக்கிவிட்டு அந்தக் கேப்டன் முன்னால் போய் நின்று, தொடையை ஓங்கித் தட்டி, நாக்கை நீட்டி, கை கால் நடுங்குகிற மாதிரி ஆடிக் காட்டினாள்.

"சார், இவ என்னைய ஏதோ திட்டுறா சார்!"

"பயந்தாங்கொள்ளின்னு சொல்றா" என்றாள் என் மகள். இந்த முறை ஒரு சொல் குறையவில்லை.

"யாரு, நானா? வாடி! வா பாப்போம்!"

துண்டைக் கீழே இறக்கினால் அவுட் என்று ஆகிவிடுமே என்று, அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி ஒதுங்கினேன்.

தப், தப், தப். இந்த முறை யாரும் விலகவில்லை. தோழி குனிந்து ஒருத்தியின் காலைத் தொட்டாள். திரும்பினாள். கேப்டன் பின்னாலிருந்து பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். ஒரே புழுதி. குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி நீண்டது. இன்னொரு கை எங்கோ உள்ளே இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்தவர்கள் எல்லோரும் அவுட், எங்களுக்குக் கப்பு. நான் தொப்பையை மறந்து மண்ணில் படுத்துப் பார்த்தேன். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. விரல் ஊர்ந்தது, இன்னும் ஊர்ந்தது. தட்டு நின்றது.

சிறப்பு விருந்தினர் கை தட்டத் தயாராக இரண்டு கைகளையும் எதிரெதிரே வைத்திருந்தார். தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, தொட்டுவிட்டாள் என்று கண்ணாலேயே தீர்ப்பை எழுதிக் கொடுத்தார். தோழி குவியலுக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தி, என் தோளில் கிடந்த துண்டையே பார்த்தாள்.

துண்டைக் கையில் எடுத்தேன். இறக்கினேன்.

கூட்டத்தில் ஒரு 'அடப்பாவி' கேட்டது. அதை முந்திக்கொண்டு பின்னாலிருந்து, கிளம்பிவிட்ட பஸ்ஸையும் நிறுத்தும் குரல் வந்தது.

"யோவ் அம்பயரு! கண்ணு என்ன பொடனியிலயாய்யா இருக்கு? எம்புள்ள கோட்டத் தொட்டுருச்சுய்யா!"

குழுக் கூட்டங்களில் என்னை 'சார்' என்று அழைத்து, நான் உட்கார்ந்த பிறகே உட்காரும் பெண்மணி, கூடையோடு ஆடுகளத்துக்குள் வந்துவிட்டார். தோழி அதற்குள் எழுந்திருந்தாள். இரண்டு முட்டியும் சிராய்த்து, தலையெல்லாம் புழுதி. விரலில் ஒட்டிய சுண்ணாம்பை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"சுண்ணாம்பு எல்லார் மேலயும் இருக்கும்மா. என் மேலகூட இருக்கு பாருங்க" என்றேன்.

"நீயி மண்ணுல பெரண்டா அதுக்கு எம்புள்ள என்னய்யா செய்யும்?"

பக்கத்து ஊர் ஆசிரியர் என் சார்பில் பேச வந்து, பேசாமல் திரும்பிப் போனார். சண்டை மும்முரமாக நடந்தது. விழுந்தால் என்ன ஆகும் என்று பயந்த அந்த அம்மா, சிராய்த்த முட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது ஆறிப்போகும், மொதல்ல பாயின்ட்டுக்கு வழியச் சொல்லு" என்றார். கூடையில் மிச்சமிருந்த கொய்யாவைத் தோழியும் எதிரணிக் கேப்டனும் மாறி மாறிக் கடித்துக்கொண்டு, எங்களை வேடிக்கை பார்த்தார்கள். தீர்ப்பை நான் மாற்றவில்லை. கப்பு பக்கத்து ஊருக்குப் போனது. அன்றைக்கு என் வீட்டில் உணவுத் துறை எனக்குச் சாப்பாடு போட மறுத்தது.

மறுநாள் காலை பள்ளி வாசலில் தோழி நின்றிருந்தாள். முட்டிகளில் மருந்து, முகத்தில் கோபம். என்னைக் காட்டி என் மகளிடம் ஏதோ சொன்னாள். பேன்ட் இழுக்கிற சைகை வரவில்லை. உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் பொத்திக் காட்டினாள்.

"புதுப் பேருப்பா" என்றாள் மகள். "ஸ்கூல் பூரா சொல்லியாச்சு."

மகளின் பையைக் கீழே வைத்தேன். பழக்கதோஷத்தில் பேன்ட்டை ஒரு இழு இழுத்துவிட்டு, கோட்டுக்கும் அவள் விரலுக்கும் நடுவே இருந்த இடைவெளி இவ்வளவு என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினேன். அவள் பக்கத்தில் வந்து, என் இரண்டு விரல்களையும் பிடித்து, இடைவெளியே இல்லாமல் சேர்த்து அழுத்தினாள். நான் விரித்தேன். அவள் அழுத்தினாள். மணி அடித்துப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போன பிறகும் நாங்கள் வாசலில் வாதாடிக்கொண்டிருந்தோம்.