முறை வைத்து ஓடிய மோட்டார்கள்

என் கணவர் வெளிநாட்டு வேலையை விட்டுத் திரும்பியபோது நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்த டாக்டர், சில மாதம் வீட்டிலும் ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். வாடகைக்கு ஒன்றும், கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஓர் ஆக்சிஜன் சிலிண்டரும் எடுத்துக்கொண்டு, கந்தர்வக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தோம். கடும் கோடை.

ஊர்க் கடைசியில் எங்கள் வீடு. எங்களுக்கும் சுற்றியுள்ள வயல் மோட்டார்களுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். காலையில் மும்முனைக் கரண்ட் வந்ததும் எல்லோரும் ஒன்றாக மோட்டாரைப் போடுவார்கள். வீட்டில் ஃபேன் இறக்கை எண்ணும்படி சுற்றும். ஸ்டெபிலைசர் கட்டாகி மெஷின் கத்தும். ஓடிப்போய் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றுவேன். அது தீர்வதற்குள் வோல்டேஜ் ஏறிவிட வேண்டுமே என்று உட்கார்ந்திருப்பேன்.

வோல்டேஜ் போதாமல் மோட்டார் இழுக்கவில்லை என்று கரண்ட் ஆபீசுக்கு ஊரே திரண்டு போனபோது நானும் போனேன். அங்கிருந்த இன்ஜினியர் பெண், "பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எழுதியாச்சு, வர நாளாகும். அதுவரைக்கும் பாதிப் பேர் முன்னால, பாதிப் பேர் பின்னால மோட்டார் போடுங்க" என்றார்.

எங்கள் பக்கத்து வயல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "கரண்டைக் கூடுதலா தயார் பண்ண மாட்டீங்க, எங்களைக் கொறைக்கச் சொல்வீங்களா? கடலை காயுது தாயி!" எல்லோரும் அவர் பக்கம் நின்றார்கள். என் வீட்டு நிலையைச் சொல்ல வாய் வரை வந்தது. காய்கிற பயிருக்கு முன்னால் எப்படிக் கேட்பது? பேசாமல் திரும்பிவிட்டேன்.

இரண்டொரு நாளில் அவரே என் கணவரைப் பார்க்க வந்தார். வயலில் அவர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பேச ஆரம்பிப்பதற்குள் மெஷின் கத்தியது. நான் சிலிண்டரிடம் ஓடினேன்.

"என்ன தங்கச்சி இது?"

"வோல்டேஜ் இல்லண்ணே. தெனமும் இப்படித்தான்."

"அன்னைக்கு ஆபீசுல வாயத் தொறந்திருக்கக் கூடாதா?" என்றவர் என் கணவரின் தோளைத் தொட்டு, "இரு மாப்ளே, வாரேன்" என்று எழுந்து போனார். போனவர் தன் மோட்டாரை நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு வயலாகப் போய்ப் பேசியிருக்கிறார். சற்று நேரத்தில் ஃபேன் வேகம் பிடித்தது. மெஷின் ஓடத் தொடங்கியதும் நான் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

மறுநாளிலிருந்து முறை வைத்துக்கொண்டார்கள். முதலில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் வோல்டேஜ் சரியாக இருந்ததால் மோட்டார்கள் தண்ணீரை வேகமாகத் தள்ளின. பாதி நேரத்திலேயே வயல் பெரும்பாலும் பாய்ந்துவிட்டது. யாருடைய கடலையும் காயவில்லை.

மழைக்குப் பின் பெரிய டிரான்ஸ்பார்மரும் வந்தது. "பாத்தியா, கேட்டாத்தான் கெடைக்கும்" என்றார் பக்கத்து வயல்காரர். கூடுதல் கரண்டும் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வரும்வரை எங்களைக் காப்பாற்றியது அவர் நிறுத்திவைத்த மோட்டார்.

அதற்குள் என் கணவருக்கு மூச்சு சீராகிவிட்டது. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மதியம், பாய் விரித்துப் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரம் வரை தூங்கினேன். அவர்தான் டீ போட்டு வைத்துவிட்டு எழுப்பினார்.