புகைபோக்கியில் தொங்கிய வளையம்

கச்சிராயபாளையம் சாலையில் ராஜாங்கத்தின் அரிசி ஆலைக்குப் புதிதாக வைத்த இரும்புப் புகைபோக்கி, லேசான காற்றுக்கே ஆடியது. அதைச் சரிசெய்யும் வேலை எழில்மதிக்கு வந்தது. கூலிக்காரர் வீட்டில் பிறந்து, பொறியியல் படித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தாள். அம்மா கொளஞ்சியம்மாள் அதே ஆலையின் களத்தில்தான் அவித்த நெல்லைக் காயவைப்பவள்.

புகைபோக்கியின் உச்சியைச் சுற்றிக் கனமான இரும்பு வளையம் ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டாள் எழில்மதி. புகைபோக்கி ஒரு பக்கம் சாய்ந்தால் வளையம் மறுபக்கம் இழுக்கும். ஆட்டம் அடங்கியது. "எம் பொண்ணு மாட்டுனது" என்று கொளஞ்சியம்மாள் களமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஆடியில் ஒரு பிற்பகல் மலைப்பக்கமிருந்து மழையோடு சூறைக்காற்று இறங்கியது. ஆலையிலிருந்து போன் வந்ததும் எழில்மதி ஸ்கூட்டியில் விரைந்தாள். வளையம் அகல வீசிக்கொண்டிருந்தது. புகைபோக்கி முன்னைவிட மோசமாக ஆடியது. அதன் அடியில் பெண்கள் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் வெளியே வரச்சொல்லிக் கத்தினாள் எழில்மதி. நெல் நனையுமே என்றார் ராஜாங்கம்.

"நனையட்டும் சார். மொதல்ல ஆளுங்க வெளிய வரட்டும்."

நெல் நனைந்தது. புகைபோக்கி விழவில்லை.

"இன்னாம்மா, இத்தினி நாளு நல்லாத்தான நின்னுக்கினு இருந்துது?" என்றார் அவர், காற்று தணிந்த பிறகு.

"கம்மியா ஆடுற வரைக்குந்தான் சார் என் கணக்கு. ஜாஸ்தியா வீசுனா வளையம் திரும்பி வர்றதுக்கு லேட்டாவுது. எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டியது, சாயுற பக்கமே சேந்து தள்ளுது. இத நான் முன்னாடியே பாத்திருக்கணும்."

அவர் திட்டவில்லை. அதுவே அவளுக்கு வதையாக இருந்தது.

அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இறங்கியதும் அம்மா, "உன்ன நம்பித்தான் அவளுங்க அதுக்கு அடியில நின்னாளுங்க" என்றாள். குரலில் கோபமில்லை.

எழில்மதி பட்டறையில் புகைபோக்கியின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து, இந்த முறை மெல்ல ஆட்டாமல், முரட்டுத்தனமாக ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஆலையில், வளையம் அகல வீசாதபடி லாரி டயர் ரப்பரில் தடுப்பு வைத்தாள். வேகத்தை உறிஞ்ச எண்ணெய் நிரப்பிய டேம்பர்களை, அதாவது ஆட்டமடக்கும் குழாய்களை, பொருத்தினாள். அதுவரை புகைபோக்கிக்கு அடியில் யாரும் போகக்கூடாதென்று கயிறு கட்டியிருந்தது.

கயிற்றை அவிழ்த்த அன்று, இனி நம்பலாமா என்று அம்மா கேட்டாள்.

"அன்னிக்கு அடிச்ச காத்துக்கு நம்பலாம்மா. அதுக்கும் மேல அடிச்சா வெளிய வந்துடுங்க."

கொளஞ்சியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

புரட்டாசியில் மறுபடி சூறை வந்தது; மழை இல்லை. புகைபோக்கி அசைந்து அசைந்து அடங்கியது. பெண்கள் களத்து நெல்லைக் கிண்டும் வேலையை நிறுத்தவே இல்லை. எழில்மதி மட்டும் ஆலை கேட் அருகே நின்று, காற்று ஓயும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.