கந்தவேல் அண்ணன் தனி அடுப்பு வைத்தது

அவரை மருமகள் துரத்தவும் இல்லை, சோறு போடாமல் விடவும் இல்லை. எத்தனை பேர் வந்து சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கந்தவேல் என் கூடப்பிறந்த அண்ணன். கமலவேணி அவருடைய மூத்த மருமகள். இரண்டு பேரோடும் ஒரே வீட்டில் இருந்தவள் நான். தெருமுனை முத்தாயம்மாள் கிணற்றடியில் வைத்தே கேட்டாள்: "அறுவத்தேழு வயசுல மனுசன் தனியாப் பொங்கித் திங்கறாருன்னா, மருமவ லச்சணம் தெரியாதாக்கும்?"

"உனக்கு ஒண்ணுமே தெரியாது. கொடத்தை எடுத்துக்கிட்டு ஊடு போய்ச் சேரு" என்றேன்.

நடந்தது இதுதான். ஜலகண்டாபுரத்தில் எங்களுக்குப் பதினாறு தறி. அண்ணனும் இரண்டு மகன்களும் ஒரே குடும்பம், ஒரே உலை. மேட்டூர் அணை கட்டி முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும்; சேலத்திலிருந்து வருமான வரி நோட்டீஸ் வந்தது. மூன்று பேர் சம்பாத்தியத்தையும் ஒன்றாகக் கூட்டி அண்ணன் தலையில் வைத்திருந்தார்கள். கட்டுவதென்றால் மூன்று தறியையாவது விற்க வேண்டும்.

அண்ணன் சேலம் போய் ஆபீசரிடமே கேட்டார்.

"வயசாளிக்கு ஏதாச்சும் தள்ளுபடி உண்டுங்களா?"

"வயசுக்குன்னு சட்டத்துல ஒண்ணும் இல்லீங்க பெரியவரே. ஆயுள் இன்சூரன்ஸ் கட்டற பணத்துக்கு உண்டு."

"இந்த வயசுல எனக்கு எவனுங்க இன்சூரன்ஸ் குடுப்பான்? என் தறிக்கு வேணும்னா குடுப்பான்."

ஆபீசர் சிரித்துவிட்டாராம். சிரித்தாரே தவிர வரி குறையவில்லை.

வெளியே வந்தால், மனு எழுதுகிற ஒருவர் கூடப் போயிருந்த மூத்த மகன் பாலசுந்தரத்தைப் பிடித்துக்கொண்டார். பாகம் பிரித்துப் பத்திரம் எழுதினால் ஆளாளுக்கு வருமானம் வரம்புக்குள் வந்துவிடும், அப்புறம் வரியே இல்லை என்றார். அப்படியே பதிவு செய்தார்கள். அண்ணனுக்கு நாலு தறியும் தெருக்கோடி ஓட்டு வீடும். மகன்களுக்கு ஆளுக்கு ஆறு தறி. பத்திரம் பெட்டிக்குள் போனது. மறுநாளும் எல்லோரும் ஒரே குண்டானில் பொங்கித்தான் சாப்பிட்டோம். பாகம் என்றால் உலை பிரிவதுதான் என்று எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் முத்திரைத்தாளில் எழுதியது போதும் என்று நம்பிவிட்டோம். நானும்தான் நம்பினேன்.

விசாரணையில் ஆபீசர், "பத்திரம் சரி. நெசமாவே தனித்தனியா இருக்கீங்களா? ஊட்டுல அடுப்பு எத்தனை?" என்று கேட்டார். பாலசுந்தரம் முந்திக்கொண்டு, "மூணுங்க" என்றான். அண்ணன் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் ஆள் வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் களிமண் குழைத்து இன்னும் இரண்டு அடுப்புப் போடச் சொன்னான். கமலவேணி புருஷன் சொன்னதைச் செய்தாள். புதிது என்று தெரியாமல் இருக்கக் கரியும் பூசினாள். அண்ணன் குனிந்து தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் கரி.

"பொங்காத அடுப்புக்கு எதுக்குடா கரி?"

"அவுங்க பாத்துட்டுப் போனதும் இடிச்சிரலாமுங்கப்பா. மூணு தறி தப்பிக்குமில்லீங்களா?"

"நீ மூணுன்னு சொல்லிட்ட. நான் பேசாம நின்னேன், அதுவும் சொன்ன மாதிரிதான். இனி அதை நெசமாக்கோணும்."

சின்னவன் பெண்டாட்டி அன்றைக்கே தனியாக உலை வைத்தாள். அண்ணன் தெருக்கோடி வீட்டைக் கூட்டச் சொன்னார். இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். தறி போனால் போகட்டும், வரியைக் கட்டிவிடலாம் என்றேன்.

"தறியை வித்துப்போட்டா அதுல நெய்யற மூணு குடும்பம் எங்க போவும், சொல்லு?" என்றார். அவர் செய்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. யாரும் துரத்தவில்லை என்பது மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரு குண்டான், ஒரு வட்டில், கொஞ்சம் அரிசி எடுத்துக்கொண்டார். கமலவேணி நிலைப்படியை மறித்து நின்று அழுதாள்.

"ராத்திரிச் சோத்துக்காச்சும் வந்துருங்க மாமா. யாரு பாக்கப் போறாங்க?"

"நீ கூப்பிட்டா வந்துருவேன் சாமி. அதனால கூப்பிடாத."

அவள் விலகினாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் படி இறங்கிப் போனார்.