கார்பரேட்டருக்குச் சுற்றிய பட்டு

எங்கள் சந்தில் இரண்டு மாடு எதிர் எதிரே வந்துவிட்டால் ஒன்று பின்னாலேயே நடந்துபோக வேண்டும். அவ்வளவுதான் அகலம். அந்த அகலத்துக்குள் வருஷத்தில் இரண்டு தரம் பெருமாள் வருவார். மார்கழியில் ஒன்று, தையில் ஒன்று, இரண்டும் விடியற்காலையில். தோளுக்கினியான் என்கிற சின்னப் பல்லக்கில் வருவார். தூக்குகிறவர்களின் தோள் இரண்டு பக்கச் சுவரையும் உரசும். சந்து முழுக்கத் தறி வீடுகள். அந்த ஒரு நாழிகைக்குத் தறிச் சத்தம் நிற்கும்.

பெருமாளுக்குப் பின்னால் விளக்கு எங்களுடையது. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன். மோட்டாருக்குக் காயில் கட்டுவார். ஒரு தள்ளுவண்டியில் சின்ன ஜெனரேட்டரை வைத்து அவர் தள்ளுவார், நான் மண்ணெண்ணெய்க் கேனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பேன். டியூப் லைட்டைத் தூக்கிக்கொண்டு நான்கு பெண்கள் முன்னால் போவார்கள். நான் சொல்லப்போகிற அந்தத் தை வரைக்கும் ஒரு தரம்கூடப் பெருமாள் இருட்டில் நின்றதில்லை. இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த ஜெனரேட்டருக்கு இரண்டு டேங்க். சின்ன டேங்கில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வெயில் காலத்தில் தொந்தரவு இல்லாமல் ஓடும். பனிக் காலத்தில்தான் அதற்கு வீம்பு வரும்.

இது தொண்ணூறுகளில் நடந்தது. அந்த மார்கழியில் பனி அதிகம். சந்துக்குள் நுழைந்ததுமே ஜெனரேட்டர் கரும்புகை கக்க ஆரம்பித்தது. வெளித் தெருவில் என்றால் காற்றில் போய்விடும். இங்கே இரண்டு சுவருக்கு நடுவில் புகை எங்கே போகும்? முன்னால்தான் போயிற்று. பெருமாளுக்குப் பிடித்திருந்த வெள்ளைப் பட்டுத் திருக்குடை வரைக்கும் போயிற்று.

புறப்பாடு முடிந்ததும் கோயில் மணியக்காரர் எங்கள் வண்டியிடம் வந்தார். ஊர்வலத்துக்கு அவர்தான் பொறுப்பு. வயதானவர், நல்லவர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். தன் வெள்ளைத் துண்டால் குடையைத் துடைத்து எங்களிடம் காட்டினார். துண்டில் கரி.

"இதப் பாரும்மா. குடையிலயே இவ்வளவுன்னா பெருமாள் வஸ்திரத்துல எவ்வளவு இருக்கும்? டிராக்டர்ல பெரிய டீசல் ஜெனரேட்டர் வெச்சுக்கலாம்னு எல்லாரும் சொல்றா. நான்தான் தள்ளிப் போட்டுண்டு வரேன்."

"டிராக்டர் எங்க சந்துக்குள்ள வராதே சாமி" என்றேன்.

"வராது. பெருமாள் முனையோட திரும்பிடுவார். எனக்கு மட்டும் அதுல சந்தோஷமா? தைப் புறப்பாடு வரைக்கும் பொறுத்துக்கறேன். அன்னிக்கும் துண்டு கறுப்பாச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றைக்கே சந்து முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. யாரும் எங்களைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. எதிர் வீட்டில் கால் விளங்காத ஒரு கிழவி இருந்தாள். வாசல் வரைக்கும் நகர்ந்து வந்து பெருமாளைப் பார்ப்பது அவளுக்கு வருஷத்தில் அந்த இரண்டு தரம்தான். அவள் என்னைக் கூப்பிட்டு, "முனைக்கு என்னிய யாரு தூக்கினு போவா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக்காரர் வாசலில் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோளாறு எதுவும் இல்லமே. பனிதான். கிருஷ்ணாயிலு சில்லுனு உள்ள போவுது. பாதி எரியுது, மீதி பொகையா வருது."

"அப்போ சூடு பண்ணி ஊத்தேன்."

"டீயா அது, சூடு பண்ணி ஊத்த?"

நான் விடவில்லை. தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். ஆறின கஞ்சி இழைமேல் கட்டி கட்டியாக உட்காரும். சூட்டோடு போட்டால் ஒரு இழை விடாமல் பரவும். எண்ணெய்க்கு மட்டும் வேறு நியாயமா? அவரிடம் இதைச் சொன்னதும் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"நான் வேல கத்துக்கினு இருந்தப்போ ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு காரு வந்திச்சி. வெள்ளக்காரன் காலத்து வண்டி. கார்பரேட்டராண்ட கரண்டு கம்பி சுத்தி இருந்திச்சி. குளிர் நாள்ல சுவிட்சப் போட்டுட்டு ஒரு நிமிசம் நிப்பாங்க. பெட்ரோலு சூடாயி ஆவி கட்டும். அப்பறம்தான் ஹேண்டில் போடுவாங்க. ஒரே சுத்துல வண்டி எழுந்துக்கும்."

"அதயே இதுக்கும் பண்ணேன்."

"கம்பி சுத்தணும்மே. மெல்லிசுக் கொழா. காயிலயே இப்போ தடவித்தான் கட்டறேன், எனுக்குக் கண்ணு எங்க தெரியுது?"

"சுத்தறதுதானே வேல? அத என்னாண்ட குடு."

ஏழு வயதில் நூல் சுற்றுகிற ராட்டினத்தில் உட்கார்ந்தவள் நான். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் ஊடை நூலைச் சுற்றிக் கொடுப்பதைத் தார் சுற்றுவது என்போம். என் தார் தறியில் சிக்கியது என்று இந்தச் சந்தில் ஒருத்தரும் சொன்னதில்லை.

கரண்ட் அடுப்பில் இருக்கிற சுருள் கம்பியில் ஒரு துண்டை வெட்டி நீட்டிக் கொடுத்தார். மண்ணெண்ணெய் கார்பரேட்டருக்குப் போகிற செம்புக் குழாய் சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. குழாய்மேல் முதலில் சூடு தாங்குகிற கல்நார்க் கயிறு, அதன்மேல் கம்பி, அதன்மேல் மறுபடி கல்நார்க் கயிறு. பழைய லாரி பேட்டரியிலிருந்து கரண்ட். கம்பி செம்பைத் தொடக்கூடாது, தொட்டால் பொறி பறக்கும் என்று நான்கு தரம் சொன்னார். சொன்னபடியே சுற்றினேன்.

சுற்றி முடித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. அந்தக் கயிறு முரடு. அதன்மேல் கம்பி மேடும் பள்ளமுமாக, ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் நடுவில் ஒழுங்கே இல்லாமல் கிடந்தது. அவருக்கு அது போதும். என் கைக்குப் போதவில்லை. என் வேலை என்று நாலு பேர் பார்க்கப்போவது அது.

அவர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் பக்கத்து ஊரான ஐயம்பேட்டைக்குப் போன நேரத்தில் எல்லாவற்றையும் பிரித்தேன். தறியில் அறுந்து விழுந்த பட்டு இழைகளை நான் எறிவதில்லை, ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பேன். அந்த இழையை முடிந்து முடிந்து குழாய்மேல் ஏழெட்டு வரிசை இறுக்கிச் சுற்றினேன். அந்தக் காலத்து மோட்டாரில் கம்பிக்கெல்லாம் பட்டு நூல்தான் சுற்றியிருப்பார்கள் என்று அவரே எப்போதோ சொல்லியிருக்கிறார். கரண்டுக்கு ஆகிற பட்டு சூட்டுக்கு ஆகாதா என்று நினைத்தேன். பட்டுமேல் கம்பி ஒவ்வொரு சுற்றும் ஒரே அளவாக, கோடு போட்டதுபோல் உட்கார்ந்தது. அதன்மேல் கல்நார்க் கயிற்றைச் சுற்றிவிட்டேன். வெளியே பார்க்க அவர் கேட்ட மாதிரியே இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் பனியோடு பனியாக ஓட்டிப் பார்த்தோம். சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பினார். சத்தம் மாறவே இல்லை. புகையும் இல்லை. பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தினார். "இன்னாமே இது, வெண்ணெயாட்டம் ஓடுது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணத்துக்கு அப்புறம் வாசலில் வைத்து அவர் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

தைப் புறப்பாட்டுக்குக் கோயிலிலிருந்து கிளம்பி மாடவீதி சுற்றி எங்கள் சந்து முனைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரைக்கும் புகை என்று ஒரு இழை இல்லை. மணியக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் கேனைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

சந்துக்குள் பாதி தூரம் போயிருப்போம். ஒரு நாற்றம் வந்தது. முடி பொசுங்குகிற நாற்றம்.

வேறு ஊராக இருந்தால் என்னவோ ஏதோ என்று போயிருப்பார்கள். எங்கள் சந்தில் பச்சைக் குழந்தைக்குக்கூட அந்த நாற்றம் தெரியும். பட்டு அசலா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்தி மோந்து பார்க்கிறவர்கள் நாங்கள். முடி நாற்றம் வந்தால் அசல்.

"பட்டு எரியுதுடா!" என்று ஒரு குரல்.

"அசல் பட்டுதான்! எங்கடா?"

"பெருமாள் வஸ்திரமா பாருங்க சாமி!"

பல்லக்கு நின்றது. அர்ச்சகர் பதறிப்போய்ப் பெருமாளின் வஸ்திரத்தை மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். பெண்கள் முந்தானையை உதறினார்கள். இரண்டு பேர் தறியில் தீ என்று நினைத்து வீட்டுக்குள் ஓடினார்கள். குடை பிடித்தவர் குடையை இறக்கி உட்புறம் பார்த்தார். பல்லக்கை ஒட்டினாற்போல் பின்னால் தீவட்டி பிடித்துவந்தவர் ஒரு கிழவர். எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள்.

"யோவ் பெருசு, எத்தினி வாட்டி சொல்றது, தள்ளிப் புடின்னு?"

"நான் எங்கப்பா கிட்ட போனேன்?"

"கை நடுங்கற ஆளுக்கு எதுக்குய்யா தீவட்டி? அடுத்த தபா வேற ஆளப் பாரு சாமி!"

எனக்கு முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது. இதை மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பேசாமல்தான் நின்றேன். நாற்றம் கொஞ்சத்தில் போய்விடும், பெருமாள் சந்தைத் தாண்டிவிடுவார், புகையில்லாமல் முடிந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. எதிரே வாசலில் அந்தக் கால் விளங்காத கிழவி கை கூப்பி உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறந்தால் அவளுக்கும் இதுதான் கடைசியாக இருக்கும். ஆனால் தீவட்டிக்காரர் தீவட்டியை ஒரு கையில் தூரப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் மேல்துணியை இழுத்து இழுத்து எங்காவது பொசுங்கியிருக்கிறதா என்று தேடினார். செய்யாத தப்பைத் தன்மேல் தேடுகிற அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவர விடுங்கப்பா. எரியறது என் பட்டு" என்றேன். "இன்ஜினுக்கு நான்தான் சுத்தனேன்."

வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பேட்டரி சுவிட்சை அணைத்து, இன்ஜினையும் நிறுத்தினார். டியூப் லைட் நான்கும் அணைந்தன. பெருமாள் இருட்டில் நின்றார். தீவட்டி ஒன்றுதான் வெளிச்சம். என் தலை அதுவரை அப்படிக் குனிந்ததில்லை.

அப்போது பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு பல்ப் வெளியே வந்தது. தறிக்கு மேலே தொங்குகிற பல்ப். ஜரிகை வேலைக்குத் தக்கபடி இங்கும் அங்கும் நகர்த்துவதற்காக ஒயரை நீளமாக விட்டிருப்போம். அந்த வீட்டுப் பெண் அதை ஒயரோடு இழுத்துவந்து வாசலில் தூக்கிப் பிடித்தாள். அதைப் பார்த்து எதிர் வீட்டிலிருந்து ஒன்று. அப்புறம் அடுத்த வீடு. சந்தின் கோடி வரைக்கும் கைக்கு ஒரு பல்ப். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் மணியக்காரர் குடையின் அருகே போய்த் தன் துண்டை எடுத்துத் துடைத்தார். ஒரு பல்புக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

துண்டு வெள்ளையாக இருந்தது.

"புகை இல்லே" என்றார். அப்புறம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "நாத்தம்தான் இருக்கு. பட்டை எடுத்துட்டு வேற எதையாவது சுத்தும்மா. அடுத்த புறப்பாட்டுக்கும் இந்தச் சந்துக்குள்ளதான் வரோம். முதல்ல தீவட்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

சொன்னேன். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகினவள் இல்லை. அவரிடம் கேட்டேன். அவர், "பரவால்லமா, எம்மேல இல்லியே, அது போதும்" என்று தீவட்டியை நெருக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து குழாயைப் பிரித்ததும் பட்டு கரித்தூளாகக் கொட்டியது. ஓரிடத்தில் கம்பி செம்பைத் தொட இம்மிதான் பாக்கி இருந்தது.

"கிருஷ்ணாயிலுமே இது. எல்லாரும் கிட்ட நின்னாங்க" என்றார். கரித்தூளை ஒதுக்கிவிட்டு, "என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். அதுதான் அவருக்குப் பெரிசாகப் பட்டது. இஸ்திரிப் பெட்டிக்குள் வைக்கிற, மைக்கா என்கிற அபிரகத் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க, தகட்டையும் கல்நார்க் கயிற்றையும் வைத்து மறுபடி சுற்றினேன். மேடும் பள்ளமுமாகத்தான் வந்தது. அப்படியே விட்டேன்.

அடுத்த மார்கழியில் பெருமாள் வந்தார். புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் தீவட்டிக்காரர் வரிசையை விட்டுப் பின்னால் வந்து, ஜெனரேட்டருக்கு நேரே குனிந்து எல்லோரும் கேட்கிற மாதிரி மோந்து பார்த்தார்.

"இன்னாமா, இன்னிக்கு எந்தப் பொடவயச் சுத்தியிருக்க?"

சந்தே சிரித்தது. எதிர் வாசலில் கிழவியும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பெருமாளுக்குப் பின்னால் நடந்தேன்.