இத்தாவுக்குள் வந்த ஊசி

என் மகளுக்குக் கொரோனா ஊசி போட அழைப்பு வந்தபோது நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் மவுத்தாகி, அவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்காமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. தில்லையடியில் எங்கள் வீட்டு நடு அறைக்குத் திரை போட்டு, வெள்ளைப் புடவையோடு என்னை உட்கார வைத்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள் நான். தலையணை உறைகளைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. சின்னதிலிருந்தே தொய்வு. பனி விழுந்தால், பக்கத்து வளவில் குப்பை கொளுத்தினால், ஏன், வயிறு குலுங்கச் சிரித்தால்கூட மூச்சு இழுக்கும். வாயில் அடிக்கும் பம்ப் இல்லாமல் பள்ளிக்கூடம் போனதே இல்லை. அவளைப் போலத் தீராத நோயுள்ள பிள்ளைகளுக்குத்தான் முதலில் ஊசி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், கூடப் பெரியவர் ஒருவர் வர வேண்டும் என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது. "வாப்பாவை அனுப்பினாலும் சரி" என்றாள் நர்ஸ். அவளுக்குத் தெரியாது, பாவம். நான் போனை வைத்துவிட்டு, தைத்து முடித்த உறையை இழுத்துக் கிழித்தேன்.

என் புருஷன் உப்பு லொறி ஓட்டியவர். முதல் ஊசி போட்டு இரண்டு கிழமை ஆகவில்லை, காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் கூட ஒருவரையும் ஏற்றவில்லை. ஏறும்போது எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார், அவ்வளவுதான். மையித்தைப் பெட்டியில் மூடி, கிழக்கே இதற்கென்று ஒதுக்கியிருந்த தூரத்து மண்ணில் கொண்டுபோய் அடக்கினார்கள். முன்பு கொரோனாவில் மவுத்தான எங்கள் ஆட்களை அரசாங்கம் எரித்ததுபோல நெருப்பில் போடாமல் விட்டார்களே என்று அல்லாஹ்வைப் புகழ வேண்டிய காலமாக இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

இத்தா முடியும்வரை எனக்குத் துணையாக அவருடைய தங்கச்சி, என் மச்சி, வந்து தங்கியிருந்தாள். நல்ல மனுஷி. மூன்று வேளையும் ஆக்கிப் போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பாள். ஆனால் தன் நானாவை, கூடப்பிறந்த அண்ணனை, கொன்றது ஊசிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. போனில் யார் யாரோ அனுப்பிய குரல்பதிவுகளைக் கொண்டுவந்து என் காதருகில் வைப்பாள். ஊசி போட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை தங்காதாம். சொல்பவன் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

"இத்தாவில ஈக்கிற பொம்புள வெளிய எறங்கலாம் மச்சி, தேவைக்கு. இது தேவையா?" என்று கேட்டாள்.

"மூச்சு தேவையில்லையா?"

"நானாவும் மூச்சுக்கெண்டுதான் போட்டாரு."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் அடுத்த தலையணை உறையை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினேன். ஊசி வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், அதற்குள் நோய் முந்திவிட்டது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் நம்பினேன். ஆனால் தனியே இருக்கும்போது, மச்சி சொல்வது சரியாக இருந்தால் என்ற எண்ணம் வந்து நெஞ்சில் ஏறிக்கொள்ளும். போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். கேட்க அவரும் இல்லை.

கடைசியில் போடுவது என்று முடிவெடுத்தேன். மகளின் வகுப்பு டீச்சர், தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மகள்தான் குறுக்கே நின்றாள்.

"உம்மா வந்தாத்தான் போவன்."

"உம்மா எந்த நெலமையில ஈக்கிறனெண்டு தெரியாதா? நீ என்ன கைப்புள்ளயா?"

கெஞ்சினேன், ஏசினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாளே தவிர அசையவில்லை. தகப்பனின் பிடிவாதம் அப்படியே இறங்கியிருந்தது. கடைசியில் வெள்ளைப் புடவைக்கு மேல் கறுப்பு அபாயாவை மாட்டி, முகத்தை மூடி, கையுறையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஓட்டோவின் பின் சீட்டுக்கு ஒரு கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டினோம். மச்சி வாசலுக்கு வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். உள்ளுக்குள் கூசத்தான் செய்தது.

ஆஸ்பத்திரியில் நடக்க ஏலாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வரிசையில் நின்றார்கள். சிங்களத் தாய் ஒருத்தி என் வெள்ளைப் புடவை விளிம்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எழுந்து கதிரையைத் தந்தாள். ஊசி கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. மகள் முகம் சுளிக்கவுமில்லை. ஊசிக்குப் பயமென்றால் அழுதிருப்பாளே, பிறகு எதற்கு என்னை இழுத்து வந்தாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. ஊசி போட்டால் வரும் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தாள், மறுநாளே விட்டும் போனது. ஆனால் அந்த நேரத்தில், அவர் படுத்த அதே கட்டிலில் பிள்ளை கொதித்துக்கொண்டு கிடந்தபோது, நான் பம்பைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் கையால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன். காலையிலிருந்து என்னோடு பேசாத மச்சி, ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் துணியுமாக வந்து நின்றாள்.

"மூச்சு முட்டினா எங்கிட்ட செல்லுங்க மகள். டீச்சர வரச்செல்லி ஆஸ்பத்திரிக்கி அனுப்புறன்."

"உம்மாவும் வரணும்" என்றாள் மகள்.

"திரும்பவுமா? உம்மா இத்தாவில ஈக்கிறா மகள்."

"வாப்பா தனியத்தானே போனாரு" என்றாள் கண்ணைத் திறக்காமல். "ஆரும் கூடப் போகல்ல. அதாலதானே அவரத் திருப்பித் தரல்ல."

நான் அவள் கையைப் பிடித்தபடி இருந்தேன். மச்சி பாத்திரத்தைத் தரையில் வைத்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"உம்மா வருவா மகள். நானும் வாறன்."